என்டாக்கன் தரவுக் காப்பகம்: மூன்று வருடம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் துன்புறுத்தப்படுவது பற்றியோ புறக்கணிக்கப்படுவது பற்றியோ எண்களோடு எழுத வேண்டிய வேலை உங்களுக்கு இருந்தால், அது ஆய்வேடாக இருக்கட்டும், தொண்டு நிறுவனத்தின் அறிக்கையாக இருக்கட்டும், முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் என்டாக்கன்தான். அமெரிக்காவின் குழந்தை வன்கொடுமை, புறக்கணிப்பு பற்றிய தேசியத் தரவுக் காப்பகம் என்ற நீண்ட பெயரின் சுருக்கம் அது. 1988-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார்கள், இப்போது டியூக் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துகிறது, செலவை அமெரிக்க அரசின் குழந்தைகள் பணியகம் ஏற்கிறது. தரவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் கட்டணம் இல்லை என்பதால் நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. தன் தரவு எதைச் சொல்லாது என்பதை இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் இடத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை, அதனால்தான்.

இங்கே வருவதற்கு முன்னால் ஒரு தனியார் தளத்தில் பணம் கட்டி ஒரு அறிக்கை வாங்கினேன். அழகான வரைபடங்கள், வண்ண வண்ணமாக. ஆனால் எந்த எண்ணுக்கும் கீழே, இது எத்தனை குழந்தைகளில் எத்தனை பேர், யார் எண்ணினார்கள், புகாரை எண்ணினார்களா குழந்தையை எண்ணினார்களா என்று ஒரு வரி கூட இல்லை. அதை வைத்து ஒரு பக்கம் எழுதினேன், பிறகு எனக்கே உறுத்தியதால் கிழித்துப் போட்டேன். இந்த விஷயத்தில் தவறான எண் சும்மா ஒரு எழுத்துப்பிழை மாதிரி கிடையாது. அந்த எண்ணைப் பார்த்து யாரோ ஒருவர் எங்கே பணம் ஒதுக்குவது, எந்தத் திட்டத்தை நிறுத்துவது என்று முடிவு செய்வார்கள், அதன் விளைவு ஒரு குழந்தையின் வீட்டுக்குள் போய் நிற்கும்.

சரி, என்டாக்கனில் என்ன இருக்கிறது? பெரிய தொகுப்பு என்கேண்ட்ஸ். அமெரிக்காவின் மாநிலங்கள், குழந்தைப் பாதுகாப்பு அலுவலகங்களுக்கு வந்து விசாரணை முடிந்த புகார்களை ஒவ்வொரு நிதியாண்டும் ஒரே வடிவத்தில் அனுப்பி வைக்கிற தொகுப்பு இது. சட்டக் கட்டாயத்தால் இல்லை, மாநிலங்கள் தாமாக விரும்பி அனுப்புகின்றன. ஒவ்வொரு பதிவிலும் குழந்தையின் வயது, பாலினம், இனம், புகார் கொடுத்தவர் ஆசிரியரா மருத்துவரா காவலரா உறவினரா, நான்கு வகை வரை துன்புறுத்தல்கள், ஒவ்வொன்றுக்கும் விசாரணையின் முடிவு, மூன்று பேர் வரை குற்றம் செய்தவர்களின் விவரம், அப்புறம் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்ட சேவைகள் எல்லாம் இருக்கும். இதை வைத்துத்தான் குழந்தைகள் பணியகம் வருடாந்திர அறிக்கையை வெளியிடுகிறது. 2022 நிதியாண்டில் சுமார் 75 லட்சம் குழந்தைகள் பற்றித் தகவல் வந்தது, அதில் சுமார் 31 லட்சம் குழந்தைகளின் விஷயத்தில் விசாரணையோ வேறு நடவடிக்கையோ நடந்தது, 5,58,899 குழந்தைகள் பாதிக்கப்பட்டவர்கள் என்று உறுதி செய்யப்பட்டது. இறந்ததாகக் கணக்கிடப்பட்டவர்கள் 1,990 பேர். பாதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கு குழந்தைகள் புறக்கணிப்புக்கு ஆளானவர்கள். குழந்தை வன்கொடுமை என்றதும் அடி, காயம் என்றே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்த ஒரு விவரமே பார்வையை மாற்றியது.

இந்த மூன்று எண்களையும் மறுபடி பாருங்கள். 75 லட்சம், 31 லட்சம், ஐந்தரை லட்சம். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். அழைப்பை எடுத்தவர் இது விசாரிக்கத் தகுந்ததா என்று முடிவு செய்தார், விசாரித்தவர் ஆதாரம் போதுமா என்று முடிவு செய்தார். ஆதாரம் எவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. ஆகவே ஒரு மாநிலத்தில் விகிதம் அதிகம், பக்கத்து மாநிலத்தில் குறைவு என்றால் அங்கே பெற்றோர்கள் மோசம், இங்கே நல்லவர்கள் என்று எழுதிவிட முடியாது. விசாரணைக்கே எடுக்காமல் தள்ளிவிட்ட தகவல்களில் இருந்த குழந்தைகளுக்கோ இந்தத் தொகுப்பில் தனிப் பதிவே கிடையாது.

நான் செய்த தவறைச் சொல்கிறேன், வேறு யாரும் செய்ய வேண்டாம். என் கேள்வி ரொம்ப எளிமையானது. ஒரு குழந்தை பற்றி ஒருமுறை புகார் வந்து விசாரணை முடிந்த பிறகு மறுபடியும் புகார் வருகிறதா, வந்தால் எவ்வளவு நாளில்? ஃபைல் கைக்கு வந்ததும் ஆர்வத்தில் வரிகளை எண்ணினேன், குழந்தைகளின் எண்ணிக்கை என்று எழுதினேன். அச்சில் வந்த வருடாந்திர அறிக்கையோடு ஒப்பிட்டபோது என் எண் மிக அதிகம். இரண்டு நாள் நான் எழுதிய கணினி நிரலைத் துருவிய பிறகுதான் பயனர் கையேட்டைத் திறந்தேன். ஒரு வரி என்பது ஒரு குழந்தை இல்லை, ஒரு புகாரும் ஒரு குழந்தையும் சேர்ந்த ஜோடி என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. ஒரே குழந்தை பற்றி வருடத்தில் மூன்று புகார் வந்தால் மூன்று வரி. ஒரே புகாரில் மூன்று குழந்தைகள் இருந்தாலும் மூன்று வரி. அப்புறம் இன்னொன்று: ஒரு வருடத்தின் ஃபைலில் இருப்பது அந்த வருடம் வந்த புகார்கள் இல்லை, அந்த வருடம் முடிவு எடுக்கப்பட்ட புகார்கள். செப்டம்பரில் வந்த புகாருக்கு நவம்பரில் முடிவு வந்தால் அது அடுத்த நிதியாண்டின் ஃபைலில் போய் உட்காரும், ஏனென்றால் அவர்களுடைய நிதியாண்டு அக்டோபரில் தொடங்குகிறது. மறுபுகார் பற்றி ஆராய்கிறவர் இரண்டு மூன்று வருட ஃபைல்களைச் சேர்த்துத்தான் வேலை செய்ய வேண்டும்.

தேதிகளிலும் ஒரு விஷயம் இருக்கிறது. யார் என்று அடையாளம் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, மாதத்தின் முதல் பாதியில் வந்த புகார் எல்லாவற்றுக்கும் 8-ஆம் தேதி, இரண்டாம் பாதியில் வந்தவற்றுக்கு 23-ஆம் தேதி என்று மாற்றி வைத்திருப்பார்கள். இரண்டு புகார்களுக்கு இடையே எத்தனை நாள் என்று கணக்கிடும்போது இரண்டு வாரம் வரைக்கும் பிழை வரும். ஆறு மாதமா ஒரு வருடமா என்ற கேள்விக்கு இது பொருட்டில்லை, பத்து நாளில் மறுபுகார் வந்ததா என்ற கேள்விக்கு இந்தத் தரவை நம்ப முடியாது. ஆயிரம் பதிவுகளுக்குக் குறைவாக இருக்கும் மாவட்டங்களின் பெயரையும் மறைத்துவிடுவார்கள், அதனால் சிறு ஊர்கள், கிராமப்புறங்கள் பற்றி எழுத நினைக்கிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல்தான். இறந்துபோன குழந்தைகளின் பதிவுகளில் மாநிலத்தின் பெயர் கூட இருக்காது, அந்த இடத்தில் வெறும் இரண்டு எழுத்துக் குறி. முதலில் அதைப் பார்த்தபோது ஏதோ ஃபைலில் கோளாறு என்று நினைத்தேன். எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று விளக்கும் கோட்புக்கைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு கொஞ்ச நேரம் கணினியை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

இந்தக் கட்டுப்பாடுகளை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளில் பலர் இன்று பெரியவர்களாகி எங்கோ வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். தன் வீட்டில் நடந்தது முன்பின் தெரியாத ஒருவரின் கணினியில் தன் பெயரோடு கிடக்கக் கூடாது என்று எதிர்பார்க்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்தது ஆஃப்கார்ஸ். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வளர்ப்புக் குடும்பங்களிலோ விடுதிகளிலோ இருக்கிற குழந்தைகள், தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் பற்றியது. 2022 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் இப்படி அரசின் பராமரிப்பில் இருந்தவர்கள் 3,68,530 பேர். குழந்தைக்கு ஒரு வரி என்பதால் வேலை செய்வது சுலபம், ஆனால் அதே காரணத்தால் ஒரு குழந்தை எந்தெந்த வீட்டில் எவ்வளவு நாள் இருந்தது என்ற முழு வரலாறு அதில் இருக்காது. இந்தமுறை பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிறகு எத்தனை இடம் மாறியது என்ற எண்ணிக்கை மட்டும் கிடைக்கும். வீடு வீடாக மாறுவது பற்றி எழுத வந்தவர்கள் இங்கே ஏமாந்து போவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த தேதி 15 என்று மாற்றப்பட்டிருக்கும், மற்ற தேதிகளும் அதே அளவு நகர்த்தப்பட்டிருக்கும், ஆகவே இடைவெளிகள் சரியாகவே இருக்கும். 2023 நிதியாண்டிலிருந்து சேகரிக்கும் முறையே மாறியிருக்கிறது, பழைய வருடங்களையும் புதிய வருடங்களையும் ஒரே கோட்டில் வரைந்து ஏறியது இறங்கியது என்று சொல்வதற்கு முன்னால் கவனம் வேண்டும்.

பராமரிப்பிலிருந்து வெளியேறும் இளைஞர்களை 17, 19, 21 வயதில் கேட்டுப் பதிவு செய்யும் என்ஒய்டிடி என்ற தொகுப்பும் உண்டு. அதை ஆஃப்கார்ஸோடு இணைக்க முடியும் என்பது இதன் பலம். வேலை கிடைத்ததா, தங்க இடம் இருந்ததா, சிறைக்குப் போனார்களா என்ற கேள்விகள் அதில் வரும். 21 வயதுக் கணக்கெடுப்பில் பதில் சொல்லாமல் போனவர்கள் பலர், அவர்கள் யார் என்று யோசிக்காமல் சதவீதம் போடக் கூடாது.

நான் அதிகம் மதிக்கிற தொகுப்பு என்ஸ்கா. இது அலுவலகப் பதிவு இல்லை, ஆட்கள் நேரில் போய்க் குழந்தையிடமும் வளர்ப்பவரிடமும் ஆசிரியரிடமும் விசாரித்தவரிடமும் கேட்டு எழுதியது. முதல் சுற்றில் 1999 அக்டோபரிலிருந்து 2000 டிசம்பர் வரை விசாரணைக்கு வந்த குழந்தைகளிலிருந்து 5,501 பேரைத் தேர்ந்தெடுத்து வருடக்கணக்கில் தொடர்ந்து போனார்கள். இரண்டாம் சுற்றில் 5,872 பேர். புகார் உறுதியான குழந்தைகளை மட்டும் எடுக்கவில்லை, ஆதாரம் இல்லை என்று மூடப்பட்ட குழந்தைகளையும் எடுத்தார்கள். அதனால்தான், மூடப்பட்ட கோப்புகளில் இருக்கும் குழந்தைகள் உண்மையிலேயே நன்றாக இருக்கிறார்களா என்ற கேள்வியைக் கேட்கவே முடிகிறது. இதைவிடச் சின்னது லாங்ஸ்கேன், ஐந்து இடங்களில் 1,354 குழந்தைகளை 18 வயது வரை தொடர்ந்தது. எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒரு வாழ்க்கையை நான்கு வயதிலிருந்து பின்தொடர்ந்த தரவு உலகத்தில் எத்தனை இருக்கும், சொல்லுங்கள்.

என்ஐஎஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் காப்பகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் எப்படிப் படிப்பது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தது அதுதான். அலுவலகத்துக்கு வந்த புகார்களை மட்டும் எண்ணாமல், பள்ளி, மருத்துவமனை, காவல் நிலையம், குழந்தைகள் காப்பகம் போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்களிடம் நீங்கள் பார்த்த குழந்தைகளைச் சொல்லுங்கள் என்று கேட்டு எண்ணிய ஆய்வு இது. நான்கு முறை நடந்திருக்கிறது, கடைசியாக 2005-06-இல். அந்த நான்காம் ஆய்வில் கண்ணுக்குத் தெரிந்த தீங்குக்கு ஆளானவர்கள் என்று மதிப்பிட்டது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை. அவர்களில் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகம் விசாரித்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, 32 சதவீதம். மற்றவர்களை ஏதோ ஒரு ஆசிரியரோ செவிலியரோ பார்த்திருக்கிறார், ஆனால் விசாரணை அவர்கள் வீடு வரை வரவில்லை.

இதைத் தெரிந்துகொண்டு மறுபடியும் என்கேண்ட்ஸ் எண்களைப் பாருங்கள். 2019-இல் பாதிக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 6,56,000, 2020-இல் சுமார் 6,18,000, 2021-இல் சுமார் 6 லட்சம். இறங்கு முகம்தான். கொரோனா காலத்தில் குழந்தைகள் வீட்டிலேயே பத்திரமாக இருந்தார்கள் என்று இதை வைத்து ஒருவர் எழுதியதைப் படித்தேன், மனசு பதறியது. பள்ளிகள் மூடியிருந்தன. அதிகமாகப் புகார் கொடுப்பவர்களில் ஆசிரியர்கள் முக்கியமானவர்கள், அவர்கள் குழந்தைகளின் முகத்தை நேரில் பார்க்கவே இல்லை. குறைந்தது துன்பமா, அல்லது அதைப் பார்த்துச் சொல்லும் கண்களா என்பதை இந்த எண் தானாகச் சொல்லாது. யார் புகார் கொடுத்தார் என்ற நெடுவரிசையைப் பிரித்துப் பார்த்தால் பாதி விடை அதே ஃபைலுக்குள் கிடைத்துவிடும், அந்த நெடுவரிசையைத் திறந்து பார்க்கப் பலருக்கும் பொறுமை இல்லை.

இதே தரவைக் கவனமாகக் கையாண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. வருடத்துக்கு நூறில் ஒரு குழந்தைதான் பாதிக்கப்படுகிறது என்று படிக்கும்போது அரிதான விஷயம் போலத் தோன்றும். கிறிஸ்டோபர் வைல்டுமனும் மற்றவர்களும் 2014-இல் இதே என்கேண்ட்ஸை எடுத்து, ஒரு குழந்தை 18 வயதை எட்டுவதற்குள் ஒருமுறையாவது உறுதி செய்யப்பட்ட துன்புறுத்தலுக்கு ஆளாகும் வாய்ப்பு என்ன என்று கேள்வியை மாற்றினார்கள். விடை 12.5 சதவீதம், எட்டில் ஒரு குழந்தை. 2017-இல் அதே வழியில் விசாரணையை மட்டும் கணக்கிட்டபோது 37.4 சதவீதம் வந்தது, கறுப்பினக் குழந்தைகளுக்கு மட்டும் பார்த்தால் 53 சதவீதம். புதிதாக யாரையும் போய்க் கேட்கவில்லை, காப்பகத்தில் ஏற்கெனவே இருந்த ஃபைல்கள்தான்.

தரவை வாங்குவது எப்படி? தொகுப்புக்குத் தகுந்த மாதிரி நிபந்தனை மாறும். பயன்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கிடைப்பவை உண்டு. என்ஸ்காவின் கட்டுப்படுத்தப்பட்ட பதிப்புக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், தரவை எங்கே எப்படிப் பூட்டி வைப்பீர்கள் என்ற திட்டம், நிறுவனத்தின் கையொப்பம் எல்லாம் வேண்டும். மாணவர்கள் தனியாக முயற்சி செய்யாமல் வழிகாட்டியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. எந்த நிறுவனத்தோடும் தொடர்பில்லாத தனி எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பெரும்பாலான தனிநபர் தரவு எட்டாது, இது நிஜமான குறை. ஆனால் பயனர் கையேடுகளும் கோட்புக்குகளும் எந்த விண்ணப்பமும் இல்லாமல் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே அவற்றை இறக்கிப் படித்துவிடுங்கள், உங்கள் கேள்விக்கு இந்தத் தரவில் விடை இருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். ஃபைல்கள் எஸ்பிஎஸ்எஸ், ஸ்டேட்டா, சாஸ் என்ற புள்ளியியல் மென்பொருள்களின் வடிவங்களில் வரும்.

ஒவ்வொரு கோடைக்கும் இணையவழிப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறார்கள், பதிவுகள் யூடியூபில் இருக்கின்றன. தொகுப்புகளை ஒன்றோடொன்று இணைப்பது எப்படி, விடுபட்ட விவரங்களை என்ன செய்வது, ஆய்வு வடிவமைப்பு என்று நடத்துகிறவர்கள் அந்தத் தரவோடு தினமும் உழைக்கிறவர்கள், அது பேச்சில் தெரிகிறது. நேரடியாகக் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கியும் உட்காருகிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது கேன்டிஎல் என்ற மின்நூலகம். இந்தக் காப்பகத்தின் தரவை வைத்து வெளிவந்த கட்டுரைகளையெல்லாம் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறார்கள். நீங்கள் நினைத்த கேள்வியை வேறு யாராவது ஏற்கெனவே கேட்டிருக்கிறார்களா, எந்த நெடுவரிசையை எப்படிக் கையாண்டார்கள் என்று அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

பெரிய குறை என்ன என்றால், இது முழுக்க அமெரிக்கத் தரவு. உலகத்தின் மற்ற பகுதிகளுக்கு வேறு இடம் போக வேண்டும். யுனிசெஃப்பின் மிக்ஸ் கணக்கெடுப்பு 1990-களின் நடுவிலிருந்து நூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது, பதிவு செய்துகொண்டு காரணம் எழுதினால் தரவைத் தருகிறார்கள். அதில் 1 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளை வீட்டில் எப்படிக் கண்டிக்கிறார்கள் என்று தனிப் பகுதியே உண்டு, போன மாதம் கத்தினீர்களா, உலுக்கினீர்களா, கையால் அடித்தீர்களா, பொருளால் அடித்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இதுபோன்ற தரவிலிருந்துதான், ஐந்து வயதுக்குக் கீழே சுமார் 40 கோடிக் குழந்தைகள், பத்தில் ஆறு பேர், வீட்டில் அடியோ வசவோ வழக்கமாக வாங்குகிறார்கள் என்று யுனிசெஃப் 2024-இல் சொன்னது. ஆனால் பதில் சொல்வது பெரியவர். பெற்றோரிடமே கேட்டு எழுதிய எண் என்பதை மறக்காதீர்கள்.

குழந்தையாக இருந்தவரிடமே கேட்க வேண்டும் என்றால் வாக்ஸ் எனப்படும் கணக்கெடுப்புகள் இருக்கின்றன, 2007-இல் சுவாசிலாந்தில் தொடங்கியவை, 13 முதல் 24 வயது வரை உள்ளவர்களிடம் கேட்பவை. கேட்கும் முறையைப் படித்தபோது மரியாதை வந்தது. ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டும் கேட்பார்கள், ஒரு பகுதியில் பெண்களிடம் மட்டும் அல்லது ஆண்களிடம் மட்டும்தான் கேட்பார்கள், துன்புறுத்தியவரும் துன்பப்பட்டவரும் ஒரே இடத்தில் கேள்விக்கு உட்பட்டு, பேசியதற்காகப் பின்னால் பழிவாங்கப்படக் கூடாது என்பதற்காக. உதவி தேவைப்படுகிறவர்களை உதவி கிடைக்கும் இடத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் அதிலேயே இருக்கிறது. நாடுகளை ஒப்பிடுகிறவர்களுக்கு, குழந்தைகளுக்கு எதிரான வன்முறையை எப்படி வகைப்படுத்துவது என்று யுனிசெஃப் 2023-இல் வெளியிட்ட சர்வதேச வகைப்பாடும் கைகொடுக்கும்.

கட்டுரைகள் தேடுகிறவர்களுக்கு ஒரு அனுபவக் குறிப்பு. ஒரே விஷயத்துக்கு நாட்டுக்கு நாடு பெயர் வேறு, இது தெரியாமல் நான் பல மாதம் பாதி இலக்கியத்தைப் பார்க்காமலே இருந்தேன். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளின் பராமரிப்பை அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேர் என்றால் ஆஸ்திரேலியாவில் அவுட் ஆஃப் ஹோம் கேர் என்பார்கள், அந்தக் குழந்தைகளை இங்கிலாந்தில் லுக்ட் ஆஃப்டர் சில்ட்ரன் என்பார்கள். பாதுகாப்புப் பணியை இங்கிலாந்தில் சேஃப்கார்டிங் என்று தேட வேண்டும். குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப் 1962-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு வந்த பழைய மருத்துவ இலக்கியம் பேட்டர்டு சைல்ட், அதாவது அடிபட்ட குழந்தை, என்ற பெயரில் கிடக்கிறது. அப்யூஸ் என்று மட்டும் தேடினால் போதாது, மால்ட்ரீட்மென்ட், நெக்லெக்ட் (புறக்கணிப்பு) இரண்டையும் சேருங்கள், இல்லாவிட்டால் புறக்கணிப்புக்கு ஆளான அந்த நான்கில் மூன்று பங்கு குழந்தைகள் உங்கள் தேடலிலேயே விடுபட்டுப் போவார்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம். சட்டங்கள், கையேடுகள் வேண்டும் என்றால் குழந்தைகள் பணியகத்தின் சைல்ட் வெல்ஃபேர் இன்ஃபர்மேஷன் கேட்வே நல்ல நூலகம். எந்தத் திட்டத்துக்கு ஆதாரம் இருக்கிறது என்று பார்க்க கலிஃபோர்னியாவின் ஆதார அடிப்படையிலான கிளியரிங்ஹவுஸ் ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் போட்டு வைத்திருக்கிறது, தொண்டு நிறுவனங்களில் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் பாருங்கள்.

ஒரே ஒரு எண் மட்டும் வேண்டும் என்றால் காப்பகத்துக்கே போக வேண்டாம், வருடாந்திர அறிக்கையின் பின்னிணைப்பு அட்டவணைகள் போதும். மாநில அளவில் தாங்களே வடிகட்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கலிஃபோர்னியா குழந்தை நலக் குறியீட்டுத் திட்டம் இருக்கிறது, கடவுச்சொல் கூடத் தேவையில்லை, வயது, இனம், மாவட்டம் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பொதுமக்களுக்குத் தரவை எப்படித் திறந்து வைப்பது என்பதற்கு நான் காட்டும் உதாரணம் அது.

ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். இவை எல்லாம் அரசுப் பணத்தில் நடப்பவை. பல நாடுகளின் குடும்ப நல எண்களுக்கு அடித்தளமாக இருந்த டிஎச்எஸ் கணக்கெடுப்புத் திட்டம் 2025-இல் அமெரிக்க நிதி நின்றதும் பாதியில் நிறுத்தப்பட்டது. பயன்படுத்துகிறவர்கள் கட்டுரையின் கடைசியில் தரவின் பெயரையும் காப்பகத்தின் பெயரையும் முழுமையாக மேற்கோள் காட்டுங்கள். நிதி கேட்கும்போது காப்பகங்கள் எடுத்துக் காட்டுவது அந்தப் பட்டியலைத்தான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்டால் நான் சொல்லும் வழி இது. முதல் வாரம் தரவைத் தொடாதீர்கள். என்கேண்ட்ஸின் கையேட்டையும் கோட்புக்கையும் அச்செடுத்து, உங்களுக்குத் தேவையான நெடுவரிசைகளுக்குப் பக்கத்தில் எந்த மாநிலங்கள் அதை அனுப்பவில்லை என்று குறியுங்கள். குறிப்பாகப் பெற்றோரின் மது, போதை, வீட்டு வன்முறை பற்றிய நெடுவரிசைகளில் இதைச் செய்யுங்கள், வெற்றாக இருப்பதை இல்லை என்று எடுத்துக்கொண்டு வந்த கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். அடுத்த வாரம் கேன்டிஎல்லில் உங்கள் கேள்விக்கு நெருக்கமான ஐந்து கட்டுரைகளின் முறைப் பகுதியை மட்டும் படியுங்கள். அப்புறம் விண்ணப்பம். ஃபைல் வந்ததும் முதல் வேலையாக உங்கள் எண்ணிக்கை அச்சில் வந்த அறிக்கையின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், போகவில்லை என்றால் ஒரு அடி கூட முன்னே வைக்க வேண்டாம். ஒரே நாளில் பத்து மணி நேரம் இந்த வரிகளைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள், கூட வேலை செய்கிறவர் யாராவது இருந்தால் அன்றைக்குப் பார்த்ததைப் பற்றி அவரிடம் கொஞ்சம் பேசுங்கள். என்ஸ்கா வாங்கியவர்கள், உரிமக் காலம் முடியும் தேதியை இப்போதே நாட்காட்டியில் எழுதி வையுங்கள், அன்றைக்கு உங்களிடம் இருக்கும் எல்லாப் பிரதிகளையும், காப்புப் பிரதிகள் உட்பட, அழித்தாக வேண்டும்.